மணப்பாட்டுத் திருச்சிலுவை

பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையின் இரைச்சலைப் பின்னே விட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, திருநெல்வேலியையும் திருச்செந்தூரையும் கடந்து, தசராவுக்குப் பெயர்பெற்ற குலசேகரன்பட்டினத்துக்கும் தெற்கே சென்றால், கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மணற்குன்றும் அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலும் தென்படும், அதுவே மணப்பாடு.

முத்துச்சலாபத்தின் உரிமையைக் குறித்து எழுந்த பகையில் நலிவுற்ற இக்கரையின் பரதவர்கள், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் அபயம் வேண்டி, 1536-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். அபயம் அளித்தவர்களின் கண் முத்தின்மீதே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1542-இல் வந்த மறைபோதகர் புனித சவேரியாரோ வேறு ரகத்து மனிதர். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனனம் பண்ணி, கரையோரச் சிற்றூர்களில் நடந்தே திரிந்தவர். அவர் தங்கிய குகை இன்றும் குன்றின் சரிவில் இருக்கிறது. அதற்குமுன் அங்கே ஒரு சைவத் துறவி வாசம் செய்தார் என்பது ஐதீகம்.

சரித்திரம் இவ்வளவோடு நின்றாலும், ஊராரின் கர்ணபரம்பரைக் கதை நிற்பதில்லை. நன்னம்பிக்கை முனையருகே புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் தலைவன், முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கிக் கரைசேரும் இடத்தில் நாட்டுவதாக நேர்ந்துகொண்டானாம். காலில் ஒட்டிய அசுத்தத்தை, மணப்பாட்டில் கரைசேர்ந்த அந்த மரத்தில் தேய்த்துத் துடைத்த ஒருவனுக்குக் கால் வீங்கிற்றாம். கனவில் உத்தரவு பெற்று, மரத்தைக் கழுவி எண்ணெய் பூசியபின்னரே வீக்கம் வடிந்ததாம். நம் பக்கத்து நாட்டார் தெய்வமான சுடலைமாடனின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் போக்கு அந்நியமாகத் தோன்றாது. மரம் கடல் கடந்து வந்ததாயினும் கதை இந்த மண்ணில் விளைந்ததே என்பது என் துணிபு.

மணப்பாட்டின் ஓலைக் கைத்தொழிலும் அவ்வாறே. பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீராகக் கீறி, கொதிக்கும் சாயத்தில் முக்கியெடுத்து, பெட்டியும் கொட்டானுமாகப் பின்னும் பெண்களின் விரல்வேகம், நம்மூர்த் திண்ணைகளில் பீடி சுற்றும் விரல்களுக்குச் சற்றும் குறைந்ததன்று. கூலி மட்டும் இரண்டிடத்திலும் உழைப்புக்கு ஈடாக இல்லை. இவ்வித்தையைப் போர்த்துக்கீசியர் கற்றுத்தரவில்லை, பனை கற்றுத்தந்தது.

மணப்பாட்டைக் காண விரும்புவோர் செப்டம்பர் 14-ஆம் தேதித் திருவிழாவையொட்டிச் செல்லலாம். நிதானமாகப் பார்க்க எண்ணுவோர் அதைத் தவிர்ப்பதே நலம். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ்நூலைத் தந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த புன்னைக்காயலுக்கு அடுத்த வாரம் செல்வோம்.