பின்சில்லு எவ்வளவு தாங்கும்? ரயரிலேயே எழுதியிருக்கிறது

சென்ற காலபோக அறுவடையின்போது பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் என் மாமாவின் கெப் வாகனத்தின் பின்ரயர் வெடித்தது. நெல் மூடைகளுக்கு மேல் இரண்டு பேர் இருந்தார்கள். வாகனம் வயலுக்குள் இறங்கி நின்றதால் சிராய்ப்புக் காயங்களோடு தப்பினார்கள். "புது ரயர், மூன்று மாதம்கூட ஆகேல்லை" என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். புதியதுதான். ஆனால் அது கார் ரயர்.

அளவு ஒன்றுதான், 205/70 ஆர் 15. மாமாவின் பழைய ரயரில் அந்த அளவுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்தும் 106/104 என்ற எண்ணும் இருந்தன. புதியதில் 'சி' இல்லை, எண்ணும் 96 மட்டும்தான். சில்லில் அளவாகப் பொருந்தியது, விலையும் குறைவு. வேறென்ன பார்ப்பது என்று வாங்கிவிட்டார்.

பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அதுதான் சுமைக் குறியீடு. 96 என்றால் ஒரு ரயர் 710 கிலோ தாங்கும். 100 என்றால் 800, 104 என்றால் 900, 106 என்றால் 950, 112 என்றால் 1,120 கிலோ. 106/104 என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது ஒற்றைச் சில்லுக்கு; இரண்டாவது சிறிய லொறிகளில் உள்ளதுபோல் பின்னால் இரட்டைச் சில்லு பூட்டும்போது. கூடவே வரும் ஆங்கில எழுத்து வேகத்துக்கானது. எங்கள் கிரவல் வீதிகளில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இனி ஒரு கணக்கு. வெறும் கெப்பின் பின்அச்சில் ஏறத்தாழ 700 கிலோ இருக்கிறது என்று வைப்போம். மூடை 65 கிலோப்படி 20 மூடை ஏற்றினால் 1,300 கிலோ. பெட்டி பின்அச்சுக்கு மேல் இருப்பதால் அதில் 1,200 கிலோவாவது பின்னுக்கே போகும். மொத்தம் 1,900, ஒரு சில்லுக்கு 950. 106 ரயர் என்றாலே எல்லை அதுதான். 96 ரயருக்கு 240 கிலோ மிகை. மேலே ஏறியிருந்த இரண்டு பேரையும் வீதிக் குழிகளையும் நான் கணக்கில் எடுக்கவேயில்லை. ரயர் தாங்குகிறது என்பதற்காக வாகனம் தாங்கும் என்றும் இல்லை. பின்னால் வில்தகடு ஒன்று கூடுதலாகப் போட்டாலும் அச்சின் பலம் பழையதுதான்.

வன்னியில் இது நேற்றைய பழக்கமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் நாங்கள். இடம்பெயர்ந்தபோது கூரைத் தகரம் முதல் நடக்கமுடியாத அம்மம்மா வரை ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். தாங்குமா என்று கேட்க அப்போது நேரமிருக்கவில்லை. அந்தக் கை இன்னும் அப்படியே ஏற்றிக்கொண்டிருக்கிறது.

காற்றையும் சொல்லவேண்டும். 106 என்ற எண், அந்த ரயருக்குச் சொல்லப்பட்ட காற்று முழுதாக இருந்தால்தான் செல்லும். 8 பிளை 'சி' ரயர்களுக்கு அது பெரும்பாலும் 65 றாத்தல். குலுக்கம் குறையட்டும் என்று 35 றாத்தலோடு ஓடினால் தாங்குசக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விடும். ரயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகும். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ரயர் அளவும் காற்றும் எழுதிய தகடு இருக்கும். ஜப்பான் வாகனங்களில் கிலோபாஸ்கலில் இருந்தால் 7ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட றாத்தல் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கெப்களே பல கை மாறியிருக்கின்றன. முன்னைய உரிமையாளர் பூட்டியதை நம்பாமல் தகட்டைப் பாருங்கள்.

கடையில் குழப்பும் இன்னொன்று உண்டு. 'ஆர் 15 சி' என்பதில் உள்ள 'சி' வர்த்தக வாகன ரயர் என்பதைக் குறிக்கும். அமெரிக்க முறையில் 'எல்.ரி.' என்று தொடங்கும் ரயரில் 'லோட் ரேஞ்ச் சி' என்றால் 6 பிளை, 'டி' 8, 'ஈ' 10. இரண்டு 'சி'யும் ஒன்றல்ல. பிளை என்பதும் இப்போது உள்ளே இருக்கும் படைகளின் எண்ணிக்கை அல்ல, பலத்தின் அளவு மட்டுமே.

பாவித்த ரயர் வாங்கினால், பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் மயிர்வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். றீபில்ட் ரயரை முன்சில்லுக்குப் போடாதீர்கள். ஓர் அச்சில் இரண்டையும் ஒரே குறியீட்டில் மாற்றுங்கள்.

மாமா இப்போது 106 பூட்டியிருக்கிறார். 18 மூடைக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆட்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.