விருத்தாச்சலம் சட்டமன்றத் தொகுதித் தேர்தல், 2021

விருத்தாச்சலம் சட்டமன்றத் தொகுதித் தேர்தல், 2021 என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாச்சலம் தொகுதிக்கு 2021 ஏப்ரல் 6 அன்று நடைபெற்ற தேர்தலைக் குறிக்கும். அப்போதைய உறுப்பினர் மீண்டும் போட்டியிடாத இத்தொகுதியில் இந்திய தேசிய காங்கிரசு வேட்பாளர் எம். ஆர். ஆர். இராதாகிருஷ்ணன் 862 வாக்குகள் வேறுபாட்டில் வெற்றி பெற்றார். வாக்கு எண்ணிக்கை 2021 மே 2 அன்று நடைபெற்றது.

தொகுதி

விருத்தாச்சலம் நகரமும், அங்கிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ள மங்கலம்பேட்டை பேரூராட்சியும், சுற்றியுள்ள சிற்றூர்களும் இத்தொகுதியில் அடங்கும். இது கடலூர் மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதியாகும். வேளாண்மையும் பீங்கான் தொழிலும் இப்பகுதி மக்களின் முக்கியத் தொழில்களாகும்.

பின்னணி

1996, 2001 தேர்தல்களில் பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க) இங்கு வெற்றி பெற்றது. 2005இல் தொடங்கப்பட்ட தேசிய முற்போக்கு திராவிட கழகம் (தே.மு.தி.க) 2006இல் தமிழ்நாடு முழுவதும் வென்ற ஒரே தொகுதியும் இதுவே. அக்கட்சியின் தலைவர் விஜயகாந்த், அப்போதைய உறுப்பினரான பா.ம.க.வின் கோவிந்தசாமியை இங்கு தோற்கடித்தார். 2011இல் விஜயகாந்த் ரிசிவந்தியம் தொகுதிக்கு மாறினார்; விருத்தாச்சலத்தில் அதே கட்சியின் வி. முத்துக்குமார் வென்றார். 2016இல் அ.தி.மு.க.வின் வி. டி. கலைச்செல்வன் வெற்றி பெற்றார். இவ்வாறு 2006 முதல் 2021 வரையான நான்கு தேர்தல்களிலும் புதியவர் ஒருவரே இத்தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வேட்பாளர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரசுத் தேர்தல்களில், பதவியில் இருப்பவர் ஓய்வு பெறுவதாலோ வேறு பதவிக்குப் போட்டியிடுவதாலோ ஓர் இடம் காலியாவது வழக்கம். அவ்விடத்திற்கான வேட்பாளர்களைப் பெரும்பாலும் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் வாக்காளர்களே தெரிவு செய்வர். தமிழ்நாட்டிலோ கூட்டணித் தொகுதிப் பங்கீட்டின் காரணமாகவும் பதவியில் உள்ள உறுப்பினர் தம் தொகுதியை இழப்பதுண்டு. விருத்தாச்சலத்தில் 2021இல் நிகழ்ந்தது இதுவேயாகும்.

2019 மக்களவைத் தேர்தலில் பா.ம.க., தே.மு.தி.க. ஆகிய இரண்டும் அ.தி.மு.க. அணியில் இடம்பெற்றிருந்தன. 2021 பிப்ரவரியில் வன்னியர்களுக்கு 10.5% உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் பேரவையில் நிறைவேறியது. அடுத்த நாள் பா.ம.க.வுக்கு 23 தொகுதிகள் ஒதுக்கும் உடன்பாடு கையெழுத்தானது. அவற்றுள் விருத்தாச்சலமும் ஒன்று. இங்கு ஜெ. கார்த்திகேயன் அக்கட்சியின் வேட்பாளரானார். (இவ்வொதுக்கீட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் அத்தீர்ப்பை உறுதி செய்தது.)

கேட்ட எண்ணிக்கையில் தொகுதிகள் கிடைக்காததால் தே.மு.தி.க. 2021 மார்ச்சு 9 அன்று அ.தி.மு.க. அணியிலிருந்து விலகி, பின்னர் அ.ம.மு.க.வுடன் கூட்டணி அமைத்தது. அதன் அப்போதைய பொருளாளர் பிரேமலதா விஜயகாந்த் இங்கு போட்டியிட்டார். தி.மு.க. அணியில் இத்தொகுதி காங்கிரசுக்கு ஒதுக்கப்பட்டது. இதனால் தி.மு.க., அ.தி.மு.க. ஆகிய இரு பெரிய கட்சிகளின் சின்னங்களும் இங்கு போட்டியில் இடம்பெறவில்லை.

முடிவுகள்

* எம். ஆர். ஆர். இராதாகிருஷ்ணன் (காங்கிரசு) – 77,064
* ஜெ. கார்த்திகேயன் (பா.ம.க) – 76,202
* பிரேமலதா விஜயகாந்த் (தே.மு.தி.க) – 25,908

செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாததால் பிரேமலதா வைப்புத் தொகையை இழந்தார். தே.மு.தி.க. இத்தேர்தலில் எந்தத் தொகுதியிலும் வெற்றி பெறவில்லை.

வாக்கு வேறுபாட்டின் பொருள்

862 என்பது பதிவான வாக்குகளில் அரை விழுக்காட்டிற்கும் குறைவாகும். 2021இல் தமிழ்நாட்டில் அதிகபட்சம் ஏறத்தாழ 1,000 வாக்காளர்களுக்கு ஒன்று என்ற அளவில் வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டதைக் கொண்டு இதன் சிறுமையை உணரலாம். வெற்றி பெற்றவரின் வாக்காளர்களுள் 431 பேர் இரண்டாம் இடம் பெற்றவருக்கு மாற்றி வாக்களித்திருந்தால் இருவரும் சமநிலை அடைந்திருப்பர். அந்நிலையில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி குலுக்கல் மூலம் முடிவு செய்யப்பட்டிருக்கும்.

மூன்றாம் இடத்தின் வாக்குகள் இவ்வேறுபாட்டைப் போல் 30 மடங்காகும். அவ்வாக்குகள் முதல் இருவருக்கிடையே மட்டும் பிரிந்திருக்குமாயின், 100க்கு 52 வாக்குகள் பா.ம.க.வுக்குச் சென்றிருந்தாலே முடிவு மாறியிருக்கும். எனினும், கூட்டணி நீடித்திருந்தால் அவ்வாறே நடந்திருக்கும் என்று இவ்வெண்களை மட்டும் கொண்டு முடிவு கட்ட இயலாது. 2006 முதல் இத்தொகுதியில் தே.மு.தி.க.வுக்கு வாக்களித்தவர்களுள் பா.ம.க.வை எதிர்த்து வாக்களித்தவர்களும் உண்டு. மேலும், பிரேமலதா போட்டியிடாதிருந்தால் அவருடைய வாக்காளர்களுள் ஒரு பகுதியினர் வேறு கட்சிகளையோ நோட்டாவையோ தேர்ந்திருக்கலாம்; வாக்களிக்காமலும் இருந்திருக்கலாம்.

பாதிக்கு மேல் வாக்குகள் பெறவேண்டிய தேவையின்றி, மற்றவரை விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வெற்றி பெறுவார் என்பது இந்தியத் தேர்தல் முறையாகும். எனவேதான் ஏறத்தாழ 39% வாக்குகளே இங்கு வெற்றிக்குப் போதுமானவையாக இருந்தன.