எல்லை நகர்ந்த ஊரின் குரல்: ‘ஆயிரம் நிலவே வா’ பாடலும் தொகுப்பு நாடாக்களும்

1969 மே 1 அன்று வெளியான ‘அடிமைப் பெண்’ படத்தின் பாடல்களில் பெரும்புகழ் பெற்றது ‘ஆயிரம் நிலவே வா’. எழுதியவர் புலவர் புலமைப்பித்தன். இசையமைத்தவர் நாகர்கோவில் மண்ணின் கே.வி. மகாதேவன். திரையில் வாயசைத்தவர்களுள் எம்.ஜி.ஆர். கண்டியில் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெயலலிதா மைசூர்ப் பகுதியின் மேலுக்கோட்டையில் பிறந்தவர். குரல் கொடுத்த பி. சுசீலாவின் ஊர் விஜயநகரம். உடன் பாடிய இளைஞர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் தாய்மொழியும் தெலுங்கு. அவருக்கு அப்போது 23 வயதுகூட நிறைவுறவில்லை.

அந்த ஆண்டின் அரசியலை அருகில் வைத்துப் பார்த்தால் இப்பட்டியலின் கனம் விளங்கும். இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாறியது 1969 சனவரி 14இல். அண்ணாதுரை மறைந்தது பிப்ரவரி 3இல். தமிழ் என்ற சொல் அரசியலில் உச்சமான ஒலியோடு முழங்கிய அவ்வேளையில், ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினரும் பெருநடிகருமான ஒருவர் சொந்தமாகத் தயாரித்த படத்தின் காதற்பாட்டை இரண்டு தெலுங்கர்கள் பாடினார்கள். அதைப் பற்றி எவரும் முகஞ்சுளித்ததாகத் தெரியவில்லை.

இப்பாடலைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாகச் சொல்வது வேறொரு கதை. பாடகர் டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறொருவரைப் பாடவைக்காமல் எம்.ஜி.ஆர். படப்பிடிப்பைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். பாலசுப்பிரமணியமே பல மேடைகளில் நன்றியுடன் சொன்ன செய்தி அது. ஆனால் வள்ளன்மைக் கதை முன்னே வந்து நின்றுகொண்டதால், மொழி பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. டி.எம். சௌந்தரராஜனின் குரலே எம்.ஜி.ஆரின் குரலாக நிலைபெற்றிருந்த காலத்தில், தமிழுக்குப் புதியவரான ஒருவரின் தமிழ் எவ்வாறு ஏற்கப்பட்டது? இதற்கு விடைகாண அவர் பிறந்த நிலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாலசுப்பிரமணியம் 1946 சூன் 4 அன்று கோனேட்டம்பேட்டையில் பிறந்தார். தந்தை சாம்பமூர்த்தி அரிகதைக் கலைஞர். ஊர் அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து 1911இல் உருவாக்கப்பட்ட அம்மாவட்டம் தமிழும் தெலுங்கும் தெருவுக்குத் தெரு கலந்து கிடந்த நிலம். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அது முழுவதும் ஆந்திரத்துக்குப் போயிற்று. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னெடுத்த வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாகப் படாஸ்கர் பரிந்துரை வந்தது. அதன்படி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. கோனேட்டம்பேட்டையும் அதனோடு வந்தது. சிறுவனுக்கு அப்போது 13 வயது. ஆனால் அவன் வளர்ந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம்: நகரியில் மாமன் வீடு, காளத்தியில் பள்ளிப்படிப்பு, திருப்பதி கலைக்கல்லூரியில் புகுமுக வகுப்பு. தொல்காப்பியப் பாயிரம் தமிழுலகின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கடத்தின் அடிவாரம் அது.

எனவே ‘எல்லைப்புறத்துக்காரர், தமிழ் இயல்பாகவே வந்திருக்கும்’ என்று முடிவு கட்டுவது எளிது. அது பிழையான முடிவு. வாய்ப்புக் கேட்டுச் சென்ற பாலசுப்பிரமணியத்திடம் எம்.எஸ். விசுவநாதன் குரலைப் பாராட்டினார். தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகே ‘சாந்தி நிலையம்’ படத்தின் ‘இயற்கை என்னும் இளையகன்னி’ கிடைத்தது. அது முன்னதாகப் பதிவானபோதிலும் ‘அடிமைப் பெண்’ முந்தி வெளிவந்துவிட்டது. எல்லைப்புறத்தில் காதில் விழுந்த பேச்சுத் தமிழ் பதிவரங்கின் தமிழுக்குப் போதவில்லை என்பதே இதன் பொருள்.

எந்த இடங்களில் போதவில்லை என்பதைத் திராவிட ஒலியியல் ஓரளவு சுட்டிக்காட்டும். ணகர னகர வேறுபாடும் ளகர லகர வேறுபாடும் தெலுங்கிலும் உண்டு. அங்கே தெலுங்கருக்கு இடர் இல்லை. இடர் ழகரத்தில். பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் அதற்குத் தனியெழுத்தே இருந்தது; பின்னர் அவ்வொலி மறைந்து, பல சொற்களில் டகரத்தின் மெலிந்த ஒலியோடு கலந்தது. தமிழின் ‘கோழி’ தெலுங்கில் ‘கோடி’. ‘ஏழு’ அங்கே ‘ஏடு’. திருப்பதி மலையே இதற்குச் சான்று: நமக்கு ஏழுமலை, அவர்களுக்கு ஏடுகொண்டலு. இரண்டாவது இடர் சொல்லிறுதியில். கண், கால், ஊர் என்று தமிழ் மெய்யில் நிறுத்தும் இடத்தில் தெலுங்கு ஓர் உயிரைச் சேர்த்தே மூச்சுவிடும்: கன்னு, காலு, ஊரு.

ஆனால் ‘காலு’, ‘ஊரு’ என்று பேச்சில் சொல்லாத தமிழர் யார்? வாழைப்பழத்தை வடசென்னை ‘வாயப்பயம்’ என்கிறது. தென்மாவட்டங்கள் பலவற்றில் அது ‘வாளப்பளம்’. றகரத்தையும் ரகரத்தையும் நாவால் வேறுபடுத்துவோர் இன்று அரிதினும் அரிது. சார்லஸ் பெர்கூசன் 1959இல் விளக்கிய இரட்டைவழக்கு என்ற கருத்து தமிழுக்கு மிகப் பொருந்துவது: உயர்வழக்கு எவர் வீட்டிலும் தாலாட்டோடு வருவதில்லை, பள்ளியிலும் மேடையிலும் கற்பது. புலமைப்பித்தன் போன்ற புலவர் எழுதிய காதற்பாட்டின் தமிழ் அந்த உயர்வழக்கைச் சேர்ந்தது. அது மதுரைப் பாடகருக்கும் தாய்மொழி அன்று. நகரியிலிருந்து வந்தவருக்கும் தாய்மொழி அன்று. இருவரும் கற்றே ஆகவேண்டும். கற்கவேண்டிய தொலைவில் மட்டுமே வேறுபாடு. சொந்தப் பேச்சின் சாயலைப் பாட்டில் ஏற்றிவிடும் பழக்கம் இல்லாமையால், வெளியிலிருந்து வருபவருக்கு ஒரு சிறு வசதியும் இருந்தது எனலாம். தலைப்பில் உள்ள மூன்று சொற்களில் தெலுங்கு நாவுக்கு அயலான ஒலி ஒன்றுகூட இல்லை என்பது தற்செயலே. ஆயினும் அறிமுகப் பாட்டுக்கு வாய்த்த நல்ல தற்செயல்.

இவ்வளவையும் அன்றைய கேட்போர் கவனிக்காமல் போனதற்குப் பாடல் விற்கப்பட்ட முறையும் காரணம். 1969இல் இசைத்தட்டின் அலகு படம். உறையில் நாயகன் நாயகியின் முகம். பின்பக்கத்தில் பொடியெழுத்தில் பாடகர் பெயர். அதே காலத்து மேற்கில் நிலை இதற்கு மறுதலை. கனடாவின் கண்ட்ரி பாப் பாடகி ஆன் மரே ‘அர்பன் கௌபாய்’ படத்துக்குப் பாடிய மென்காதற்பாடல், படம் வந்த 1980ஆம் ஆண்டிலேயே அவருடைய ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் இடம்பெற்றது. அங்கே பாடகியின் பெயர்தான் அடித்தளம்; படம் ஒரு கூடுதல் வாய்ப்பு. இங்கே பாடகர் படத்தின் உறுப்பு. கேட்போருக்கும் ‘ஆயிரம் நிலவே வா’ முதலில் எம்.ஜி.ஆர். பாட்டு; குரல் யாருடையது என்பது அடுத்த கேள்வி.

அந்த வரிசையை மாற்றியது ஒலிநாடா. 1980களில் மலிவாகப் பரவிய நாடா, பாட்டைப் படத்திலிருந்து கழற்றிக் குரலின்கீழ் அடுக்கியது. நிறுவனங்கள் ‘எஸ்.பி.பி. ஹிட்ஸ்’ என்ற வகையில் தொகுப்புகள் வெளியிட்டன. அவற்றைவிடச் சுவையானவை தெருமுனை ரெக்கார்டிங் கடைகளில் உருவான தொகுப்புகள். வாடிக்கையாளர் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதித் தருவார். கடைக்காரர் 60 நிமிட நாடாவின் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுப் பாட்டு வீதம் பதிந்து கொடுப்பார். மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தில் பாதிப் பாட்டு வந்து அறுந்துபோகும். பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய ஒலிநாடாப் பண்பாடு பற்றிய நூல் வட இந்தியாவை மையமாகக் கொண்டது. நம் ஊர்க் கடைகளின் பட்டியல் தாள்களை யாரும் சேர்த்துவைக்கவில்லை. கேட்போர் ஒரு குரலை எப்படி வகைப்படுத்தினார்கள் என்பதற்கு அவற்றைவிட நேரடியான ஆவணம் இருந்திருக்க முடியாது.

இத்தகைய தொகுப்பை ஆண்டு வரிசையில் மாற்றி அடுக்கிக் கேட்டால் அது ஒரு மொழியியல் தரவாகிவிடுகிறது. 1969இன் குரல் மெலிந்தது. சொற்களின் விளிம்பில் ஒரு பணிவு, பிழை நேர்ந்துவிடக்கூடாதே என்ற எச்சரிக்கை. 1980களில் அந்த எச்சரிக்கை முற்றாக அகன்று சிரிப்பும் பெருமூச்சும் கொஞ்சலும் தமிழில் தாராளமாக வருகின்றன. ‘மின்சார கனவு’ படப்பாடலுக்காக அவர் பெற்ற தேசிய விருது, தமிழுக்காக அவருக்குக் கிடைத்த ஒரே தேசிய விருது. அதற்குள் 27 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனால் தொகுப்புகள் ஆண்டைப் பொருட்படுத்துவதில்லை. கற்றுக்கொண்ட தடம் அதனால் மறைகிறது. பிறவியிலேயே அமைந்த தமிழ் போல எல்லாம் ஒரே தளத்தில் ஒலிக்கின்றன.

மறைவது அது மட்டுமன்று. குரலின் பெயரால் அடுக்கும்போது புலமைப்பித்தனும் மகாதேவனும் உறையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். பாட்டு யாருடையது என்ற வழக்கு அங்கேயே கருக்கொண்டது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் பாடகர்களுக்கும் உரிமத்தொகைக்கு வழிசெய்தது. பாலசுப்பிரமணியம் திரையிசையில் ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடி அமெரிக்காவில் கச்சேரி செய்த 2017இல், தம் பாடல்களை இசைவின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பு அறிவிக்கை அனுப்பியது. அதை இரு நண்பர்களின் பிணக்காக மட்டும் பார்த்தவர்கள், ‘ஹிட்ஸ்’ என்ற உறைச்சொல் கால் நூற்றாண்டாகச் செய்துவந்த வேலையைக் காணத் தவறினார்கள்.

தொகுப்புகள் படங்களுக்கு இடையிலான சுவரை இடித்தன. மொழிகளுக்கு இடையிலான சுவரை உயர்த்தின. ஒரே குரலுக்குத் தமிழ் ஹிட்ஸ் தனி, தெலுங்கு ஹிட்ஸ் தனி. திருப்பதிக்கு வண்டியேறும் தமிழ்ப் பயணியும் சென்னைக்கு வண்டியேறும் தெலுங்குப் பயணியும் இருவேறு நாடாக்களை வாங்கி, இருவேறு பாலசுப்பிரமணியங்களைக் கேட்டார்கள். மாநில எல்லை வரைந்தவர்கள் செய்ததையே உறை அச்சிட்டவர்களும் செய்தார்கள். இருவரும் சித்தூர் மாவட்டத்தின் தெருக்களில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்று கேட்டுப் பார்க்கவில்லை.

பாலசுப்பிரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று சென்னையில் மறைந்தார். அடக்கம் செய்யப்பட்டது திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில். பிறந்த கோனேட்டம்பேட்டையும் இப்போது அதே மாவட்டம். 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு சித்தூரை மீண்டும் பிரித்தபோது திருப்பதியும் காளத்தியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றன. நகரி சித்தூரிலேயே நின்றது. 1946இல் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த நான்கு ஊர்கள் இன்று இரண்டு மாநிலங்களில், மூன்று மாவட்டங்களில் இருக்கின்றன.