தராசில் ஏறாத குப்பையும் நாடுகளின் தரவரிசையும்

ஜென்னா ஜாம்பெக் குழுவினர் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒழுங்காகக் கையாளப்படாத பிளாஸ்டிக் கழிவின் அளவை வைத்து 2010ஆம் ஆண்டுக்கு நாடுகளை வரிசைப்படுத்தியது. சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகியவற்றை அடுத்து ஐந்தாம் இடத்தில் இலங்கை நின்றது. மக்கள்தொகையில் அந்த நான்கின் அருகில்கூட வராத ஒரு தீவுக்கு அந்த இடம் எப்படி வாய்த்தது என்று கேட்டாலே போதும், இத்தகைய ஒப்பீடுகளின் அடிப்படைக் குறை வெளிப்பட்டுவிடும். இவற்றில் இடம்பெறும் பல எண்கள் எந்தத் தராசிலும் ஏறாதவை.

இலங்கைக்கான கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கடலோர மக்கள் 1.46 கோடி, ஆளுக்கு நாளொன்றுக்கு 5.1 கிலோ குப்பை. அதில் பிளாஸ்டிக் 7 விழுக்காடு. அந்தப் பிளாஸ்டிக்கில் ஒழுங்காகக் கையாளப்படாதது 84 விழுக்காடு. பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15.9 இலட்சம் டன் வருகிறது. இந்த 5.1 கிலோ சரியானால், நால்வர் உள்ள வீடு ஒவ்வொரு நாளும் 20 கிலோவுக்கு மேல் குப்பையை வாசலில் வைத்தாக வேண்டும். அதே அட்டவணை அமெரிக்கருக்குக் கொடுத்ததே 2.58 கிலோதான். உலக வங்கியின் 2012ஆம் ஆண்டு அறிக்கையில் இருந்த 5.1, ஆய்விலும் அப்படியே இடம்பெற்றது. அதே வங்கியின் 2018ஆம் ஆண்டு அறிக்கையோ இலங்கைக்கு 0.34 கிலோ என்கிறது. பதினைந்தில் ஒரு பங்கு! மற்ற எண்களைத் தொடாமல் இதை மட்டும் மாற்றினால் 15.9 இலட்சம் டன் 1.06 இலட்சமாகச் சுருங்கும். பட்டியலில் இருபதாவதாக, கடைசியில் இருந்த அமெரிக்காவின் அளவு 2.8 இலட்சம் டன். 0.34 குறைமதிப்பீடாகவும் இருக்கலாம். அதை இரட்டித்தாலும் இலங்கை அந்த இருபதுக்குள் வராது.

ஆய்வாளர்கள் உள்ளீடுகளை ஒளிக்காமல் அச்சிட்டிருந்ததால்தான் இந்த மறுகணக்கு நமக்குக் கைகூடுகிறது. அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். பல அளவைகளை ஒற்றை மதிப்பெண்ணாக உருக்கித் தரும் குறியீடுகளில் இதே பிழை இருந்தால் யார் கண்ணிலும் படாது.

அந்த அட்டவணையில் இன்னோர் எண்ணும் கேள்விக்குரியது. அமெரிக்கக் கழிவில் ஒழுங்காகக் கையாளப்படாதது 2 விழுக்காடு என்று கொள்ளப்பட்டது. தெருவில் வீசப்படும் குப்பைக்கான அனுமானம் மட்டுமே அது. மறுசுழற்சிக்கெனக் கப்பலேறிப் போனவை அதில் சேரவில்லை. ஜாம்பெக்கும் பங்கேற்ற 2020ஆம் ஆண்டு ஆய்வு இந்த விடுபாட்டைச் சரிசெய்தது. 2016இல் அமெரிக்கா மறுசுழற்சிக்காகச் சேகரித்த பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் வெளிநாடுகளுக்குப் போயிருந்தது. அதில் பெரும்பகுதி, தம் குப்பையையே சமாளிக்க முடியாமல் திணறும் நாடுகளுக்கு. ஆக, அனுப்பிய நாட்டுக்கு மறுசுழற்சிப் பெருமை, வாங்கிய நாட்டுக்குக் கடலை மாசுபடுத்திய பழி. இது கணக்கியல் நுணுக்கம் பற்றிய சச்சரவு அன்று. நீதி பற்றிய கேள்வி.

மறுசுழற்சி விகிதம் எளிதில் விளங்கும் அளவை என்பதால் எல்லோரும் அதை நாடுகிறார்கள். ஆனால் எந்த வாயிலில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடும். வீட்டிலிருந்து பிரித்தெடுத்த குப்பையை எடைபோட்டால் ஓர் எண்; தரம்பிரிக்கும் கூடத்தில் அழுக்கையும் ஈரத்தையும் கழித்த பிறகு எடைபோட்டால் வேறோர் எண். 2020க்குள் 50 விழுக்காடு என்ற இலக்கை எட்டியதாகக் காட்ட ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கு நான்கு கணக்கீட்டு முறைகளை அனுமதித்தது; தனக்கு வசதியான முறையை நாடே தேர்ந்துகொள்ளலாம். மறுசுழற்சிச் செயல்முறைக்குள் உண்மையில் நுழையும் எடையே கணக்கு என்ற விதி 2018 திருத்தத்தில்தான் வந்தது. ஜப்பானின் விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடு. பெரும்பகுதியை எரியுலைகளுக்கு அனுப்பும் அந்நாடு இந்த அளவையில் பின்தங்கும். நேரடியாக நிலத்தில் புதைப்பதை அளந்தாலோ மிக முன்னே நிற்கும். பழைய இரும்பும் போத்தலும் வாங்க வீடு வீடாக வருபவரின் உழைப்பு பல நாடுகளில் எந்த விகிதத்திலும் ஏறுவதில்லை.

சேகரிப்பு விகிதமும் ஏமாற்றக்கூடியதே. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அந்த மேட்டில் குவிந்திருந்தது முறையாகச் சேகரித்து லாரிகளில் கொண்டுவந்து கொட்டிய நகரக் குப்பை. சேகரிப்பை மட்டும் அளந்தால் அது வெற்றியாகவே பதிவாகும்.

அதனால்தான் ஐ.நா. நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் 11.6.1ஆம் சுட்டியை நான் மேலானதாகக் கருதுகிறேன். உண்டான குப்பையில் எவ்வளவு சேகரிக்கப்பட்டு, கட்டுப்பாடுள்ள இடத்தைச் சென்றடைந்தது என்று அது கேட்கிறது. ஐ.நா. வாழ்விட அமைப்பு இதற்கென வகுத்த முறை தராசிலிருந்து தொடங்குகிறது. வசதியுள்ள, நடுத்தர, எளிய பகுதிகளில் வீடுகளைத் தேர்ந்து எட்டு நாள் குப்பை சேகரிக்கிறார்கள். பழைய குப்பையும் கலந்திருக்கும் என்பதால் முதல் நாளுடையதைத் தள்ளிவிட்டு, மீதி ஏழு நாளுடையதை எடைபோட்டு வகைபிரிக்கிறார்கள். குப்பை சேரும் இடத்தில் மண் மூடப்படுகிறதா, தீ எரிகிறதா, வேலி உண்டா, வரும் வண்டிகள் எடைபோடப்படுகின்றனவா என்று நேரில் பார்த்துத் தரமிடுகிறார்கள். செலவு அதிகமில்லை. இப்படி அளந்த நகரங்கள் போதிய அளவு இல்லாத நாட்டுக்குத் தரவரிசையில் இடம் தருவதைவிட அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதே ஆய்வு நேர்மை.

ஏற்றுமதிக்கும் ஒரு விதி வேண்டும். பிரிட்டனிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கழிவுக் கொள்கலன்கள் 263. இலங்கை நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 தொடக்கத்தில்தான் கடைசித் தொகுதி திரும்பிப் போனது. எல்லை தாண்டும் கழிவு எங்கே, எப்படி முடிந்தது என்று சான்று வரும்வரை அதை அனுப்பிய நாட்டின் கையாளப்படாத கழிவாகவே எழுத வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அன்று. ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் கழிவு, தன் சட்டத்துக்கு ஈடான நிபந்தனைகளில் கையாளப்பட்டதாக நிறுவினால் மட்டுமே இலக்கில் சேரும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 திருத்தமே சொல்கிறது.