ஊதச் சொல்லும் உரிமை

ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்தி, அவன் வாயில் மது வாசனை வீசுகிறதா என்று அறிந்துகொள்ளும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டா என்ற கேள்வி, வேறு ஊர்களுக்கு மோட்டார் வண்டி பெருகிய பின்னர் எழுந்த புதுக் கேள்வியாக இருக்கலாம். சேலம் ஜில்லாவுக்கோ அது லாரிகள் இச்சமவெளியை ஆளத் தொடங்குவதற்கு முன்பே, 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்றே, வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட பழைய கேள்வி.

அன்றுதான், இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவில், ராஜாஜியின் மந்திரிசபை இயற்றிய சென்னை மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்து, கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. ராஜாஜி இந்த ஜில்லாவைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தி, அந்நகரசபைக்குத் தலைவராகவும் இருந்தவர் அவர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கூலிக்காசு வீடு சேராமல் கள்ளுக்கடையில் கரைவதைக் கண்ணெதிரே கண்டு, 1929-இல் கல்கியின் துணையோடு ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே நடத்தியவர். சட்டம் வந்த நாளில் ஜனங்களின் மனம் பெருமளவு பண்பட்டிருந்ததற்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஜனங்களின் அபிப்பிராயம், குறிப்பாகப் பெண்களின் அபிப்பிராயம், சட்டத்தின் பக்கம் நின்றது. சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் இந்த ஜில்லாவில் நடத்திய ஆராய்ச்சி, குடிக்குப் போன காசு உணவுக்கும் துணிக்கும் திரும்பியதை எடுத்துக்காட்டிற்று. நஷ்டமும் இருந்தது. சர்க்கார் இழந்த வருமானத்தை ஈடு செய்யவே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இன்று நாம் கடைத்தெருவில் கொடுக்கும் வரியின் பூர்வோத்தரம் அது. அதைவிடக் கொடிய நஷ்டம் பனையேறும் குடும்பங்களுக்கு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சே ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கும் சிறைவாசத்துக்கும் இடையே கோடாக நின்றது என்பதை, மதுவிலக்கைப் போற்றும் நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

யுத்தகாலத்தில், ஜனப்பிரதிநிதிகள் இல்லாத ஆட்சியில், சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதியோடு ராஜதானி முழுவதும் மதுவிலக்குக்குள் வந்தது. குடித்தலே குற்றமாயிருந்த அந்த ஆண்டுகளில் நடை தள்ளாடுகிறவனை மறித்து, வாயை முகர்ந்து பார்த்து, வைத்தியரிடம் அழைத்துச் சென்று அத்தாட்சி வாங்கி வழக்குத் தொடுப்பது போலீஸாரின் அன்றாட வேலையாயிற்று. மூக்கை நம்பிய அந்த நீதியில் பகையும் புகுந்தது, பணமும் புகுந்தது. சட்டத்தை வரவேற்ற அதே ஊரார், அதை நடத்துகிறவரைக் கண்டு அஞ்சவும் கற்றுக்கொண்டனர்.

1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. இடையில் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடியும் விலகியது. 1983-இல் சர்க்காரே மது விற்கும் டாஸ்மாக் ஸ்தாபனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போயிற்று. இதே காலத்தில் இந்தச் சமவெளியின் தொழிலும் மாறிற்று. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், எரிவாயு டேங்கர்களும், சங்ககிரியில் லாரி உரிமையாளர்களும், திருச்செங்கோட்டில் இந்தியாவெங்கும் பூமியைத் துளைக்கப் போகும் ரிக் வண்டிகளும் பெருகின. மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் கிளீனராக ஏறி ஓட்டுநராக இறங்கினர்.

ஆகவே பழைய கேள்வி புதிய இடத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில், எழுந்தது. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டித்தது. இன்றுள்ள 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கலாகாது என்று அளவு சொல்லிற்று. இங்கிலாந்து 1967-இல் மூச்சுச் சோதனையைக் கொண்டுவந்தபோது விதித்த அளவு 80 மில்லிகிராம் என்பதை எண்ணினால், நம்முடைய சட்டத்தின் கண்டிப்பு விளங்கும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தம், முதற் குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரை இருந்த அபராதத்தைப் பத்தாயிரமாக உயர்த்தியது. ஆனால் 203-ஆவது பிரிவை நிதானமாக வாசிக்கிறவர் ஒன்றைக் காண்பார்: குற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று ஐயுற நியாயமான காரணம் இருந்தால், சீருடை அணிந்த அதிகாரி மூச்சைக் கேட்கலாம் என்றுதான் அது சொல்கிறது. தடுப்பு வைத்து, வருகிற வண்டியையெல்லாம் நிறுத்தி, எல்லோரையும் ஊதச் சொல்வதற்கு அந்த வாசகம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறது என்பது ஆலோசிக்கத்தக்க விஷயம்.

தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் நடந்த விபத்துகளை அறிந்த எவரும் சோதனையே வேண்டாம் என்று சொல்லத் துணியார், நானும் சொல்லேன். பாரம் ஏற்றிய வண்டி சரிவில் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதை ஓட்டுநரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அவர்கள் மனம் புண்படுவது வேறொன்றில்: சாலையோரம் கடையைத் திறந்துவைத்து விற்றவரும், அதே சாலையில் சற்று தூரம் தள்ளி மறித்து அபராதம் வாங்குகிறவரும் ஒரே சர்க்காராக இருப்பதில். அந்த வேதனை வீண் பேச்சன்று. பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கிலேதான், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊர்களுக்குள் கொண்டுபோக முயன்ற இடங்களில், 1937-இல் கடை மூடியதைக் கண்டு மகிழ்ந்த பெண்களின் பேத்திமார்களைப் போன்றவர்கள், வழியில் உட்கார்ந்து மறித்தனர். அதற்கு இரண்டு வருஷம் முன்னர், 2015 ஜூலை 31-ஆம் தேதி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர் நீத்தார். ராஜாஜியின் மண் அந்த நினைவை இன்னும் விட்டுவிடவில்லை.

ஆதலால் இந்தப் பிரதேசத்தில் சோதனையைப் பற்றிய பொதுஜன அபிப்பிராயம் ஆமென்றும் இல்லையென்றும் இரண்டாகப் பிரிந்து நிற்பதன்று. சேலத்தாருக்குக் குடியின் மீது இரக்கமில்லை. முகர்ந்து பார்க்கிற அதிகாரத்தின் மீது பழைய ஐயம் உண்டு. அந்த ஐயம் தீர அவர்கள் விரும்புவது பெரிதல்ல: ஆளுக்கு ஆள் புதிய குழல், கருவி காட்டிய எண்ணை அச்சிட்ட சீட்டு, லாரியை மறிக்கிற கை பின்னால் வருகிற காரையும் மறிப்பது, இரவு முழுதும் பாரம் இழுத்து வந்த மனிதனிடம் மரியாதையான ஒரு சொல்.