பற்குழி அடைத்தலும் வேர்க்குழல் சிகிச்சையும்

பற்குழி அடைத்தல் என்பது சொத்தையாலோ உடைவாலோ பல்லில் ஏற்பட்ட குழியைத் தூய்மை செய்து, தகுந்த பொருளால் நிரப்பிப் பல்லின் வடிவத்தையும் பயனையும் மீட்கும் மருத்துவ முறை ஆகும். சிதைவு பல்லின் உட்பகுதியான பற்கூழை எட்டிவிட்டால் மேலே அடைப்பது மட்டும் போதாது. அப்போது பற்கூழை நீக்கி, வேருக்குள் உள்ள நுண்குழல்களைச் சுத்திகரித்து மூட வேண்டும். இதுவே வேர்க்குழல் சிகிச்சை. பேச்சு வழக்கில் இதனை 'ரூட் கேனல்' என்றே அனைவரும் கூறுவர். இரண்டின் நோக்கமும் பல்லைப் பிடுங்காமல் காப்பதே. எந்தப் பல்லுக்கு எது தேவை என்பதைப் பற்கூழின் நிலையே முடிவு செய்கிறது. குழியின் அளவோ வலியின் அளவோ மட்டும் முடிவு செய்வதில்லை.

பல்லின் அமைப்பு

பல்லின் வெளிப்படலம் எனாமல் எனப்படும் பற்சிப்பி. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமத்தால் ஆன இது மனித உடலின் மிகக் கடினமான பொருள். இதில் உயிரணுக்கள் இல்லாததால், எலும்பு முறிவு கூடுவதைப் போல உடைந்த பற்சிப்பி தானாக வளராது. இதன் கீழே உள்ள பன்முதல் சற்று மென்மையானது. பற்கூழை நோக்கிச் செல்லும் எண்ணற்ற நுண்துளைகளைக் கொண்டது. சொத்தைப் பல்லில் குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் எடுப்பது இத்துளைகளின் வழியாகவே. நடுவில் உள்ள பற்கூழில் நரம்புகளும் குருதி நாளங்களும் உள்ளன. இவை வேரின் நுனியில் உள்ள மிகச் சிறிய துளை வழியாகத் தாடைக்குள் செல்கின்றன.

கையில் காயம் பட்டால் அந்த இடம் வீங்குகிறது. பற்கூழுக்கு வீங்க இடமில்லை. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் அழற்சியின்போது உள்ளழுத்தம் உயர்ந்து நரம்பை நசுக்குகிறது. பல்வலி பிற வலிகளைவிடக் கடுமையாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சொத்தையும் அரிப்பும்

பற்களின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பியிலிருந்து கனிமம் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் இந்த அமிலத்தை மெல்ல நீக்கி, கரைந்ததில் ஒரு பகுதியை மீண்டும் படியச் செய்யும். இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். எனவே ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை உண்ணப்படுகிறது என்பதைவிட எத்தனை முறை உண்ணப்படுகிறது என்பதே முக்கியம். இரவுப் பணியில் தூக்கத்தை விரட்ட மணிக்கொரு முறை சர்க்கரை சேர்த்த தேநீர் பருகுபவரின் பற்களுக்கு மீள்வதற்கான இடைவெளியே கிடைப்பதில்லை. இரவில் உமிழ்நீர் சுரப்பும் இயல்பாகவே குறைவு.

குழி விழுவதற்கு முன் சொத்தை ஒரு வெண்புள்ளியாகத் தோன்றும். இக்கட்டத்தில் புளோரைடு கலந்த பற்பசையும் உணவுக் கட்டுப்பாடும் அதனைத் திருப்பிவிடக்கூடும். குழி விழுந்த பின் அடைத்தலே வழி.

தமிழகத்தில் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்று அழைப்பது வழக்கம். பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்ற கருத்து பண்டைய மெசொப்பொத்தேமியா முதல் உலகின் பல பகுதிகளில் நிலவியது. பிரான்சு நாட்டின் பியர் ஃபோஷார் 1728 இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில் இதனை மறுத்தார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பல்லிலிருந்து பூச்சி எடுத்துக் காட்டுவதாகச் சொல்பவர்கள் காட்டும் பொருள் வெளியிலிருந்து வந்ததே.

சொத்தையிலிருந்து வேறுபட்டது அமில அரிப்பு. இதில் பாக்டீரியாவுக்குப் பங்கில்லை. ஈய-அமில மின்கலங்களுக்கு மின்னேற்றும் கூடங்களிலும், துத்தநாகம் பூசுவதற்கு முன் எஃகை அமிலத்தில் ஊறவைக்கும் இடங்களிலும் காற்றில் அமிலத் துளிகள் மிதக்கும். வாய் திறந்து மூச்சுவிடும் தொழிலாளரின் முன்பற்களின் வெட்டு விளிம்புகளே முதலில் கரையும். பற்கள் குட்டையாகி, கூச்சம் மிகும். காற்றோட்டமும் முகக்கவசமும் சரியாக இல்லாதவரை இத்தகைய பல்லை எத்தனை முறை அடைத்தாலும் பயன் குறைவு. கும்மிடிப்பூண்டியைப் போன்று எஃகு, வார்ப்பட, வேதிப்பொருள் ஆலைகள் நெருங்கிய பகுதிகளில் பல் மருத்துவர் நோயாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளுள் ஒன்று, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதாகும்.

அடைக்கும் பொருட்கள்

நீண்ட காலம் பயன்பட்டது இரசக்கலவை. இதில் ஏறத்தாழ பாதி பாதரசமும், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியனவும் உள்ளன. உறுதியானது, மலிவானது, ஈரமான இடத்திலும் வைக்கத்தக்கது. நிறம்தான் குறை. பாதரச மாசைக் குறைக்கும் மினமாட்டா உடன்பாடு 2013 இல் ஏற்கப்பட்டது. இந்தியா அதனை 2018 இல் உறுதிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் இரசக்கலவையை, மருத்துவக் காரணமுள்ள விதிவிலக்குகள் தவிர, நிறுத்தியது. பழைய இரசக்கலவை அடைப்பு நல்ல நிலையில் இருந்தால் அதனை அச்சத்தால் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படுகிறது.

இன்று மிகுதியாகப் பயன்படுவது பல்லின் நிறமுடைய காம்போசிட் பிசின். பல்லின் பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறையை மைக்கேல் புவனகோர் 1955 இல் விளக்கினார். பிசினை நீலநிற ஒளி சில நொடிகளில் இறுகச் செய்கிறது. குழியில் உமிழ்நீர் பட்டால் ஒட்டு வலுவிழக்கும் என்பதால் இதற்கு நேரமும் பொறுமையும் தேவை.

கண்ணாடி அயனோமர் எனப்படும் சிமெண்ட் பல்லோடு வேதியியல் முறையில் பிணைந்து, புளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். மெல்லும் அழுத்தத்தை இரசக்கலவை அளவுக்குத் தாங்காது. ஆனால் மின்சாரமோ துளைப்பொறியோ இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதனால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவாக்கப்பட்டது. பள்ளிகளிலும் ஊர்ப்புற முகாம்களிலும் இது பேருதவி.

தற்காலிக அடைப்புக்குத் துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் கலந்த பசை பயன்படுகிறது. யூஜினால் கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறு. வீட்டில் பல்வலிக்குக் கிராம்பு கடிப்பதற்கும் மருத்துவமனையில் எழும் அந்த மணத்திற்கும் மூலம் ஒன்றே. கிராம்பு நரம்பைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும், சொத்தையை நீக்காது. வலிக்கும் பல்லருகே ஆஸ்பிரின் மாத்திரையை ஒதுக்கி வைக்கும் பழக்கம் ஈறைப் புண்ணாக்கும்.

வேர்க்குழல் சிகிச்சை எப்போது தேவை

குளிர்ச்சி பட்டால் கூசி உடனே மறைவது பற்கூழ் மீளக்கூடிய நிலையில் உள்ளதைக் குறிக்கும். சூடான பானம் பட்டபின் வலி நிமிடக்கணக்கில் நீடிப்பதும், தூண்டுதல் இன்றித் தானே வலிப்பதும், படுத்தால் வலி கூடுவதும் பற்கூழ் மீளாத நிலையை அடைந்ததன் அறிகுறிகள்.

பலரை ஏமாற்றும் கட்டம் இதற்கு அடுத்தது. சில நாட்கள் வாட்டிய வலி ஒரு நாள் தானாக நின்றுவிடும். பற்கூழ் இறந்துவிட்டதே காரணம்; நோய் குணமானதால் அன்று. தொற்று அமைதியாக வேர்நுனியைக் கடந்து தாடை எலும்பில் சீழ்க்கட்டியை உருவாக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்துக் கன்னம் வீங்கும்போது நோயாளிக்குப் பழைய வலி நினைவிருக்காது.

இக்கட்டத்தில் மருந்துக்கடையில் நுண்ணுயிர் எதிர்ப்பி வாங்கி விழுங்குவது பரவலான வழக்கம். இம்மருந்துகள் குருதி வழியே செல்பவை. இறந்த பற்கூழுக்குக் குருதியோட்டமே இல்லாததால் தொற்றின் மூலத்தை அவை அடைய முடியாது. வீக்கம் தணியும், பின்னர் திரும்பும். கீழ்க்கடைவாய்ப் பல்லின் தொற்று நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுக்குழல் அடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரும். லுட்விக் நோய் எனப்படும் இந்நிலையில் வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, காய்ச்சல் ஆகியவை காணப்படும். இத்தகையவரை உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

செய்முறை

ஊடுகதிர்ப் படம் எடுத்து, லிக்னோகைன் ஊசியால் மரக்கச் செய்தபின், பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர்த் திரை இடப்படுகிறது. இது 1864 முதல் பழக்கத்தில் உள்ளது. உமிழ்நீர் குழலுக்குள் புகாமலும், சிறு கருவிகள் தொண்டைக்குள் விழாமலும் தடுக்கும்.

பல்லின் மேற்புறத்தில் துளையிட்டுப் பற்கூழ் அகற்றப்படும். முன்பற்களில் பெரும்பாலும் ஒரு குழலே இருக்கும். கடைவாய்ப் பற்களில் மூன்றோ நான்கோ இருக்கலாம். மேற்கடைவாய்ப் பல்லின் நான்காவது குழல் மிக நுண்ணியது. அது கண்ணில் படாமல் விடுபடுவதும் சிகிச்சை தோல்வியடைய ஒரு காரணம்.

குழலின் நீளத்தை அளப்பதில் ஒரு மின்னியல் நுட்பம் உள்ளது. வேர்நுனியில் உள்ள திசுவுக்கும் வாயின் உட்தோலுக்கும் இடையிலான மின்தடை, எந்தப் பல்லாயினும் எந்த வயதாயினும் சுமார் 6.5 கிலோ ஓம் என யப்பானின் சுனாடா 1962 இல் காட்டினார். குழலுக்குள் செல்லும் அரத்தோடு ஒரு மின்சுற்றை இணைத்தால், நுனியைத் தொட்டதும் கருவி அறிவிக்கும். இன்றைய கருவிகள் மாறுமின் அலைவெண்களைக் கொண்டு மின்னெதிர்ப்பை அளக்கின்றன. அடிப்படைக் கருத்து அதுவே. வளைந்த குழலில் வளைந்தே செல்லும் நிக்கல்-டைட்டேனியம் அரம் 1988 இல் அறிமுகமானது.

அரத்தால் சுரண்டுவது பாதி வேலையே. அரம் தொடாத கிளைகளில் உள்ள கிருமிகளைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு கரைசலே அழிக்கிறது. துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள வேதிப்பொருளும் இதுவே.

தூய்மையான குழலை நிரப்பும் கட்டபர்ச்சா, மலாய்த் தீவுகளின் மரம் ஒன்றின் பாலிலிருந்து கிடைப்பது. 1867 முதல் வேர்க்குழலில் பயன்பட்டு வருகிறது. 1870-71 இல் சென்னையைப் பினாங்கு, சிங்கப்பூருடன் இணைத்த கடலடித் தந்திக் கம்பியின் உறையும் இதே பொருள்தான். நீர் புகாமை இரு இடங்களிலும் தேவைப்பட்ட பண்பு.

சிகிச்சை ஒன்று முதல் மூன்று அமர்வுகளில் முடியும். பின்பு நிரந்தர அடைப்பும், கடைவாய்ப் பல்லாயின் பெரும்பாலும் மேலுறையும் தேவை. உட்பகுதி குடையப்பட்ட பல் மெல்லும்போது பிளந்துவிடக்கூடும். முதல் அமர்விலேயே வலி போய்விடுவதால் பலர் அதன்பின் வருவதில்லை. தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து கிருமி மீண்டும் புகும். அவ்வாறு பாதியில் விடப்பட்ட பல் இறுதியில் பிடுங்கப்படுவதே மிகுதி.

மேல்தாடைப் பல்லைத் தொட்டால் கண்பார்வை மங்கும் என்ற நம்பிக்கை தவறு. கண்ணுக்குச் செல்லும் பார்வை நரம்பு பல்லுக்குச் செல்லும் நரம்பிலிருந்து முற்றிலும் வேறானது.

தொற்று நீக்கம்

2022 சூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழகத்தில் 21 பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் சிகிச்சையகத்தில் சிகிச்சை பெற்றவர்கள். அவர்களில் 8 பேர் இறந்தனர். மண்ணிலும் நீரிலும் வாழும் பர்க்கோல்டெரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாவே காரணம். திறந்த உப்புநீர்ப் புட்டியைத் தூய்மையற்ற முறையில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே பரவலுக்கு வழி என்று 2025 இல் வெளியான ஆய்வு கூறியது. அக்கிருமி சாதாரணப் பல்வலியோடு வந்தவர்களைக் கொன்றது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய ஊசி, புதிதாகத் திறந்த கரைசல், வெப்ப அழுத்தக் கலனில் கிருமி நீக்கிய கருவிகள் ஆகியவை வேண்டும். இவற்றைப் பற்றி நோயாளி கேட்பதில் தவறேதும் இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில்

1997 இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. திருவள்ளூரை அடுத்த பாண்டூரிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள வேலப்பன்சாவடியிலும் இவை அமைந்துள்ளன. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பதால் கட்டணம் பொதுவாகத் தனியார் சிகிச்சையகங்களைவிடக் குறைவு, நேரம் கூடுதலாகும்.

ஆனால் இவை மாவட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும் உள்ளன. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த கும்மிடிப்பூண்டி வடகிழக்கு மூலையில் உள்ளது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ஆகிய இரண்டும் வெவ்வேறு புறநகர்த் தொடர்வண்டித் தடங்களில் இருப்பதால், தொடர்வண்டியில் செல்பவர் சென்னை வரை வந்து மீண்டும் மேற்கே செல்ல வேண்டும். அவருக்கு எளிதில் எட்டுவது சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியே. 1953 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய இதற்குச் சென்ட்ரல் செல்லும் புறநகர் வண்டி ஒன்றே போதும்.

நாட்கூலி பெறுபவருக்கு மூன்று அமர்வுகள் என்பது மூன்று நாள் வருமானம். பிடுங்குவது ஒரே நாளில் முடியும். வெளி மாநிலங்களிலிருந்து வந்து ஒப்பந்த முறையில் பணிபுரிவோர் பிடுங்குவதைத் தேர்வதை அறியாமை என்று சொல்வது சரியன்று. சிறு குழியாக இருக்கும்போதே அடைத்தால் ஒரே அமர்வு போதும் என்பதால் இழப்பு மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் வரும் தொழிலாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, தாமும் குடும்பத்தினரும் மருத்துவ உதவி பெறலாம். இதற்கான ஊதிய வரம்பு 2017 இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிகிச்சைக்குச் செல்லும்போது காப்பீட்டு எண்ணைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் பதிவு செய்துள்ளாரா என்பதைப் பல் வலிக்கும் முன்பே கேட்டு அறிந்துகொள்வது நல்லது.