மாணாக்கர்க்குப் படியளந்த வரலாறு

விழுப்புரம் பகுதியில் எண்ணாயிரம் என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. 45 வேலி நிலத்தின் விளைவைக் கொண்டு 340 மாணாக்கரையும் 14 ஆசிரியரையும் ஊர்ச்சபையார் பரிபாலித்து வந்த ஏற்பாட்டை, இன்ன பாடம் ஓதுவார் இத்தனை பேர், அவருள் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல் இவ்வளவு என்று ஐயத்துக்கு இடமின்றி அது வரையறுத்துச் சொல்லுகிறது. வேதம் ஓதியும் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலைப் பயின்றும் வந்த இளைய மாணாக்கர் 270 பேருக்குத் தலைக்கு 6 நாழி நெல். வியாகரணம், பிராபாகர மீமாம்சை, வேதாந்தம் ஆகிய உயர்ந்த சாஸ்திரங்களைக் கற்ற 70 பேருக்கு ஒரு குருணியும் இரு நாழியும், அதாவது 10 நாழி நெல். 5 நாழி நெல்லுக்கு 2 நாழி அரிசி என்று கொண்ட அக்காலத்துக் கணக்கை வைத்துப் பார்த்தால், இளையவனுக்கு ஒரு நாளைய போஜனத்துக்குக் குறைவிராது என்பதும், வயது முதிர்ந்து தன் செலவை அதிகமாகத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய மூத்தவனுக்கு உப்புக்கும் புளிக்கும் ஆடைக்கும் மாற்றிக்கொள்ளச் சிறிது மிஞ்சும் என்பதும் விளங்கும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துச் சாசனம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு பள்ளியும், மாணாக்கர் தங்கும் விடுதியும், 15 படுக்கைகளோடு கூடிய ஆதுலசாலை என்னும் மருத்துவமனையும் அங்கே இருந்தன. மாணாக்கர் படுப்பதற்குப் பாயும், சனிக்கிழமைகளில் தலை முழுகுவதற்கு எண்ணெயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும் அளிக்க வேண்டும் என்று நிபந்தம் செய்திருந்தார்கள். இதை எழுதுவித்தவர் யாராயினும், ஊரை விட்டு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதைக் காலை முதல் இரவு வரை மனத்தில் நடத்திப் பார்த்தவராகவே இருந்திருக்க வேண்டும். உயர்கல்விக்குப் பொருளுதவி என்று நாம் இன்று பேசும்போது கல்லூரிச் சம்பளமே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஏழைப் பிள்ளையைக் கல்லூரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதில் சம்பளத்தைக் காட்டிலும் பெரும்பங்கு வயிற்றுக்கும் படுக்கை இடத்துக்கும் உண்டு என்பதே இந்த ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது என் மனத்தில் பதிகிற செய்தி.

அந்த அறத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது; அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. எண்ணாயிரத்து நெல் வேதமும் சாஸ்திரமும் ஓதும் பிராமணப் பிள்ளைகளுக்கு அளக்கப்பட்டது; அந்த 45 வேலியில் இறங்கி உழுது நாற்று நட்டவர்களின் மக்கள் அந்தக் கல்லூரியின் கணக்கில் எந்த வரியிலும் வரவில்லை. எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்குச் சோழர் காலத்திலேயே நல்ல விடை கண்டுவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்குச் சரியான விடை காண்பதற்கு மேலும் ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின.

கும்பினியார் ஆட்சி ஏற்பட்ட பிறகு பழைய மானியங்கள் பல மங்கிப் போயின. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் கல்வி நிலையை விசாரிக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். அவர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பு, ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகக் கூறுகிறது. பல்லாரிக் கலெக்டர் காம்பெல், தம் ஜில்லாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்தும் அவற்றுள் ஒன்றேனும் சர்க்காரின் ஆதரவைப் பெறவில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். சீமைத் துணி வந்து இறங்கியதனால் நெசவாளர் தொழில் கெட்டதையும், பெற்றோர் வறுமையால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதையும் அவர் சேர்த்தே எழுதியிருக்கிறார். குடும்பத்தின் வருவாய் குறைந்தால் கல்வி குறையும் என்னும் இந்த எளிய உண்மையை ஓர் ஆங்கில அதிகாரி 1823-இலேயே மேலிடத்துக்கு அறிவித்தும், அதற்கு ஏற்ற பரிகாரம் நெடுநாள் செய்யப்படவில்லை.

சர்க்கார் கைவிட்ட இடத்தில் சத்திரங்களும் மடங்களும் தனி மனிதரும் நின்றார்கள். தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்கு மட்டுமன்றி வித்தியார்த்திகளுக்கும் அன்னம் உண்டு. திருவாவடுதுறை ஆதீனம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர்களுக்கு உணவும் இடமும் அளித்தது; உ.வே.சாமிநாதையர் என்னும் பேரறிஞர் உருவானது அந்த நிழலில்தான். கும்பகோணம் போன்ற ஊர்களில் வாரச் சாப்பாடு என்ற வழக்கம் இருந்தது: ஏழைப் பிராமணப் பையன் ஒருவனுக்குத் திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமை வேறொரு வீட்டில் என்று ஏழு வீடுகள் ஏழு நாளும் சோறு போடும். கொடுத்தவர்களின் தயையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஏழு வீட்டுத் திண்ணையிலும் இலைக்குக் காத்திருந்த பிள்ளை பட்ட கூச்சத்தை, அப்படிப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் முதுமையிலும் மறக்கவில்லை.

காஞ்சிபுரத்துப் பச்சையப்ப முதலியாரின் தர்மம் இவற்றுக்கும் நவீன காலத்துக்கும் நடுவே பாலமாக நின்றது. தந்தை இறந்த பின் பிறந்து, பவுனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, பெரும் பொருள் ஈட்டி, 1794-இல் நாற்பது வயதில் காலமான அவர், தம் சொத்தில் பெரும்பகுதியைத் தெய்வ கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்தார். அந்தச் சொத்தின் மீது எழுந்த வழக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு இழுத்தது; அட்வொகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் எடுத்துக்கொண்ட முயற்சியால் எஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பி, 1842-இல் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி திறக்கப்பட்டது; 1889-இல் அது கல்லூரி ஆயிற்று. ஆயினும் ஆதிதிராவிட மாணவருக்கு அதன் கதவு 1920-களின் பிற்பகுதியில்தான் திறந்தது.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் பரீட்சையில் தேறியவருக்கு உபகாரச் சம்பளம் என்னும் முறை வேரூன்றியது. திறமையைக் கண்டு கொடுப்பது நல்லதுதான். திறமையை எதைக் கொண்டு அளப்பது என்பதிலேதான் இடர்ப்பாடு. கும்பகோணத்து ஜவுளிக் கடைக் குமாஸ்தாவின் மகனான ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, மறுவருஷம் அவ்வூர் சர்க்கார் கல்லூரியில் சுப்பிரமணியம் உபகாரச் சம்பளத்தோடு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காததனால் மேல்வகுப்புக்குத் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. சம்பளம் கட்டிப் படிக்க வைக்கக் குடும்பத்துக்குச் சக்தியில்லை. வீட்டை விட்டுத் தெலுங்கு நாட்டுப் பக்கம் போனார், திரும்பி வந்தார், 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து நோயுற்றார், 1907-இல் தனியாகப் பரீட்சை எழுதி அதிலும் தவறினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்தைக் கொடுத்துச் சிறிது காலம் தாங்கினார். 1912-இல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் கடிதம் வந்த பிறகு, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளத்தைப் பட்டம் பெறாத அவருக்குப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி வழங்கியது. மறுவருஷம் இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுனும் அளித்தது. அதில் மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்திலுள்ள குடும்பத்துக்கு அனுப்பும்படி அவர் ஏற்பாடு செய்துவிட்டே கப்பல் ஏறினார்.

ராமானுஜன் கதையைப் பலரும் மேதைமையின் கதையாகச் சொல்லுவார்கள். உபகாரச் சம்பளத்தின் கதையாகவும் அதைப் படிக்க வேண்டும். ஒரு பரீட்சையில் தவறியவுடன் உதவியை அறவே அறுத்துவிடும் விதியினால், உலகம் கொண்டாடவிருந்த ஒரு மனிதர் பல ஆண்டுகள் நிலையான ஆதரவின்றி அலைய நேர்ந்தது. அவருக்காவது ஓர் இராமச்சந்திர ராவும் ஒரு ஹார்டியும் வாய்த்தார்கள். அவர்கள் வாய்க்காதவர்களின் பெயர் நமக்குத் தெரிய வழியில்லை.

தென்பாண்டி நாட்டில் இதே காலத்தில் வேறொரு வழி கண்டார்கள். விருதுநகர் நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையைக் கொண்டு 1880-களின் இறுதியில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தத் தொடங்கினார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் இடும்முன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைக்க, அதைச் சேர்த்து விற்ற பணமும் பள்ளிக்கு வந்தது. அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்தவர்தாம் காமராசர். 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவியைக் கடனாகக் கொடுத்து, உத்தியோகம் கிடைத்த பின் அவர்கள் திருப்பிய பணத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தது. பிறர் தயவை எதிர்பாராமல் ஒரு சமூகம் தன் பிள்ளைகளைத் தானே படிக்க வைத்த இந்த முயற்சிக்கு ஈடாக நம் நாட்டில் நான் அறிந்தது மிகச் சிலவே. மயிலாப்பூரில் 1905-இல் தொடங்கிய ராமகிருஷ்ண மாணவர் இல்லம் அவற்றுள் ஒன்று. தமிழ் கற்றவர்க்குத் திருப்பனந்தாள் காசி மடம், வித்துவான் பரீட்சையில் முதல் தகுதி பெறுபவருக்கு 1,000 ரூபாய் பரிசு வைத்தது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராயிருந்து, உடல் நலிந்து விலகி, தாமே தமிழ் பயின்று எழுதிய மு.வரதராசனார் 1935-இல் அதைப் பெற்றார். பெண்களுக்கு, அதிலும் இளமையில் கணவரை இழந்த பெண்களுக்கு, சகோதரி சுப்பலட்சுமி 1912-இல் தொடங்கிய இல்லமே உணவும் உறையுளும் தந்து கல்லூரி வரை அனுப்பியது.

எல்லாவற்றினும் கடைசியாகத்தான் ஒடுக்கப்பட்டோர் முறை வந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளியும் விடுதியும் கண்டார். சர்க்காரின் தொழிலாளர் இலாகா 1920-ஐ ஒட்டித் தோன்றி, ஊர்கள்தோறும் லேபர் ஸ்கூல் என்றும் லேபர் ஹாஸ்டல் என்றும் மக்கள் வழங்கிய நிலையங்களை அமைத்தது. உபகாரச் சம்பளத்தின் அருமையை அம்பேத்கரைப் போல் அறிந்தவர் இல்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் 25 ரூபாயைக் கொண்டு பம்பாயில் படித்து, அதே மன்னரின் உதவியால் 1913-இல் அமெரிக்கா சென்றவர் அவர். வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினரானபோது, ஒரு மன்னரின் கருணையால் தமக்கு நேர்ந்ததைப் பல்லாயிரவர்க்குச் சட்டபூர்வமான உரிமையாக்க முயன்றார். அதன் பயனாக, மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயில் உதவித் திட்டம் 1944-இல் தொடங்கியது; சுதந்திரத்துக்குப் பின் பழங்குடியினருக்கும் அது விரிந்தது. கொடுப்பவரின் புண்ணியமாக இருந்த பொருள், பெறுபவரின் பாத்தியதையாக மாறியது அன்றுதான்.

அதற்குப் பிந்திய செய்திகள் நம் கண்முன் நடந்தவை. காமராசர் ஆட்சியில் தொடங்கி 1964-க்குள் பள்ளி இறுதி வரை கல்வி இலவசமாயிற்று. அதனால் கல்லூரி வாசலுக்கு வந்தவர் தொகை பெருகியது. 1963-இல் மத்திய சர்க்கார் வட்டியில்லாக் கடன் உதவியைத் தொடங்கி, படித்து ஆசிரியப் பணியில் சேர்ந்தவர்க்கு ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்தது. அந்த நல்ல விதி நீடிக்காமற் போனது வருந்தத்தக்கது. 2001 முதல் வங்கிகள் கொடுக்கும் கல்விக் கடனோ வட்டியோடு வளர்கிறது. வேலை கிடைத்தவனுக்கு அது ஏணி, கிடைக்காதவன் குடும்பத்துக்கு அது சுமை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வருபவர்க்குக் கட்டணச் சலுகையும், சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாயும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகின்றன. பெண்ணின் கையிலேயே மாதந்தோறும் பணம் சேருவதை நான் பெரிதும் பாராட்டுகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் செம்மைப்படவில்லை. ஆனி மாதத்தில் கல்லூரி திறக்க, உதவித்தொகை பல இடங்களில் மாசி பங்குனியில் வந்து சேருகிறது. இடைப்பட்ட மாதங்களில் விடுதிச் சாப்பாட்டுக்கு அந்தப் பிள்ளையின் தகப்பன் கடன் வாங்குகிறான். கல்லூரி திறக்கும் மாதத்திலேயே முதல் தவணை கைக்கு வரும்படி சர்க்கார் விதி செய்ய வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு பாடம் தவறியதற்காக உதவித்தொகையை நிறுத்தலாகாது. சர்க்கார் விடுதியிலோ சங்கத்து விடுதியிலோ உண்டு படித்து இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கும் அன்பர்கள், தாம் படித்த கல்லூரியில் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ ஓராண்டு உணவுச் செலவை இந்த ஆனியிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.